அம்மாவின் தொடை வலியும் குடல் அடைப்பும்

வயதாகி மெலிந்துபோன, நாலைந்து பிள்ளை பெற்ற ஓர் அம்மாவோ அம்மாயியோ உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விட்டுவிட்டுப் பிசைகிற வயிற்றுவலி, வாந்தி, கூடவே ஒரு பக்கத் தொடையின் உள்பக்கமாக முழங்கால் வரை இறங்குகிற வலி, இவையெல்லாம் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் வந்தால் காலுக்குத் தைலம், வயிற்றுக்கு ஓமத்தண்ணி என்று பிரித்து வைத்தியம் பார்க்காதீர்கள். இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம். இடுப்பெலும்பில் இருக்கிற ஒரு சின்ன ஓட்டைக்குள் சிறுகுடல் நுழைந்து மாட்டிக்கொண்டால் இப்படித்தான் வரும். டொக்டர்கள் அதை ஒப்டியூரேட்டர் ஹேர்னியா என்கிறார்கள், ஹேர்னியா என்றால் குடலிறக்கம். ஹேர்னியா வகைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்று கூட வராத நோய். ஆனால் அது யாருக்கு வரும் என்று மருத்துவப் புத்தகங்களில் எழுதியிருப்பதைப் படித்தால் நம் தோட்டத்து வயதான பெண்களைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவையும் எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். சின்ன வயதில் கூடையைத் தலையில் மாட்டியவர், ஓய்வு பெற்று ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) எடுத்த பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவதை விடவில்லை. ஐந்து பிள்ளைகள். கடைசித் தம்பி பிறந்த பிறகு எல்.ஆர்.டி. என்கிற குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷன் செய்துகொண்டார், நம் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் நிறையப் பேர் செய்துகொண்டதுதான். விறகடுப்புப் புகையில் இருந்து இருந்து வருஷக்கணக்கில் இருமல். நிறை 35 கிலோ தேறாது. இந்த விபரம் ஒவ்வொன்றும் பின்னால் முக்கியமாகப் போகிறது.

முதலில் வந்தது கால் வலிதான். வலது தொடையின் உள்பக்கம், இடுக்கிலிருந்து முழங்காலை நோக்கி. சில நாள் இருக்கும், பிறகு வாரக்கணக்கில் காணாமல் போய்விடும். இறக்கத்தில் கால் நீட்டி வைக்கும்போது சுள்ளென்று பிடிக்கும் என்பார். வீட்டுக்கு வந்து காலை மடக்கி, முழங்காலை வயிற்றோடு சேர்த்து ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் தேவலாம் ஆகிவிடும். டிஸ்பென்சரியில் வாதம் என்று பனடோல் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டில் சித்தாலேப தைலம் கொடுத்தார்கள். மலையில் ஏறி இறங்கிய கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று அம்மாவே சொல்வார். அந்த வலி வந்த சில நாட்களில் வயிறு கனமாக இருக்கிறது, சோறு இறங்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார், ஒன்றிரண்டு தரம் வாந்தியும் எடுத்திருக்கிறார். பிறகு தானாகவே சரியாகிவிடும். குடல் அந்த ஓட்டைக்குள் போவதும் தானாக வெளியே வந்துவிடுவதுமாக இருந்த காலம் அது என்று பிறகுதான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார்கள். பல பேருக்கு இப்படி முன்னறிவிப்பு மாதிரி வந்து வந்து போகுமாம்.

ஒரு நாள் சாயங்காலம் போகவேயில்லை. வலி அலையலையாக வந்தது: ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார், அடங்கும், பேசுவார், மறுபடியும் வரும். முதல் வாந்தியில் பகல் சாப்பிட்ட ரொட்டி வந்தது, அடுத்து வந்தது மஞ்சளும் பச்சையுமான பித்தம், விடியப் போகும்போது காவி நிறத்தில் நாற்றத்தோடு வர ஆரம்பித்தது. காற்றுப் பிரியவில்லை. குப்பி லாம்பை மாற்றி டோர்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அம்மாவின் வயிற்றில் கொழுப்பு என்று எதுவும் கிடையாது, தோல் மட்டும்தான், அந்தத் தோலுக்கு அடியில் விரல் தடிப்பில் ஏதோ எழும்பி இடமிருந்து வலமாக மெதுவாக நெளிந்து போய் அடங்கியது, அது அடங்குகிற நேரம் வலியும் அடங்கியது. அடைப்பைத் தள்ளப் பார்த்துக் குடல் படுகிற பாடு அது. மெலிந்தவர்களில் வெளியே இருந்தே தெரியும். இப்படிக் கண்டால் விடிகிற வரைக்கும் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

அடுத்த லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, குடலேற்றம், ஒரு தரம் நீவி விட்டால் இறங்கிவிடும் என்றார். நல்ல மனசோடுதான் வந்தார். அம்மா கையை வைக்கவிடவில்லை, அது பெரிய அதிர்ஷ்டம். மாட்டிக்கொண்ட குடலில் ஏற்கெனவே இரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கும், அதை அமுக்கி நீவினால் கிழியலாம். அதே மாதிரித்தான் பேதி மாத்திரையும் விளக்கெண்ணெயும். அடைத்த குடலுக்கு மேலிருந்து தள்ளுகிற மருந்தைக் கொடுத்தால் அடைப்புக்கு மேலே இருக்கிற பகுதி இன்னும் புடைக்கும். கஞ்சி, இளநீர், இஞ்சித் தேத்தண்ணி எதுவும் வேண்டாம். வாய் காய்ந்தால் உதட்டை நனைத்துவிடுங்கள், போதும். இடுப்பு வலிக்கு வாங்கி வைத்திருக்கிற டைக்லோபெனக் மாத்திரையையும் கொடுக்காதீர்கள், வாந்தி எடுத்து உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது கிட்னியைப் பாதிக்கும்.

முதலில் போன ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். நன்றாகத்தான் கவனித்தார்கள் என்று நூற்றுக்கு நூறு சொல்ல என் மனசு இடம் தரவில்லை, அதே நேரத்தில் அவர்கள் நினைத்ததில் நியாயம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், சிறுகுடல் ஊதி, காற்றும் நீரும் தட்டுத் தட்டாக நிற்பது தெரிந்தது, ஆக அடைப்பு என்பதில் சந்தேகம் இல்லை. ஏன் அடைத்தது என்பதுதான் கேள்வி. அம்மாவின் அடிவயிற்றில் எல்.ஆர்.டி. தழும்பு இருக்கிறது. பெரியவர்களுக்குச் சிறுகுடல் அடைப்பு வருவதற்கு முதல் காரணமே பழைய ஒப்பரேஷனுக்குப் பிறகு உள்ளே உண்டாகிற ஒட்டல்தான். அந்த ஒட்டலால் வருகிற அடைப்பு பலருக்கு ஒப்பரேஷன் இல்லாமலே விடுபட்டுவிடும், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலியாக்கி, சேலைன் ஏற்றி, ஓரிரு நாள் பொறுத்துப் பார்ப்பது சரியான வைத்திய முறைதான். தழும்பைப் பார்த்தவுடன் அந்தக் கணக்கில் போட்டுவிட்டார்கள். டிக்கட்டில், அதாவது நோயாளியின் குறிப்புத் தாளில், வயிற்றுவலி, வாந்தி என்று மட்டும் எழுதியிருந்தது. கால் வலியை அம்மா சொன்னார், நானும் சொன்னேன். வயதானவர்களுக்கு அது இருக்கும்தானே என்று விட்டுவிட்டார்கள். இடுக்கில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள், எதுவும் இல்லை. இந்த ஹேர்னியாவில் கட்டி வெளியே தெரியாது, அது தொடைத் தசைகளுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கும், அதனால் தொட்டுப் பார்த்துக் கட்டி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவெடுக்க முடியாது.

மறுநாளும் குழாயில் காவித் தண்ணீர்தான் வந்தது. அம்மா கொஞ்சம் காற்று பிரிந்தது என்றதும் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. அதுவும் இந்த நோயில் ஏமாற்றுகிற ஒரு விஷயம். குடலின் முழுச் சுற்றும் மாட்டாமல் ஒரு பக்கச் சுவர் மட்டும் மாட்டிக்கொள்வது இதில் அதிகம், ரிக்டர் வகை என்பார்கள். அப்போது வழி முழுசாக அடைபடாது, கொஞ்சம் காற்றும் மலமும் தாண்டிப் போகும், ஆனால் மாட்டிய துண்டு இரத்தம் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கும். நாடித் துடிப்பு ஏறிக்கொண்டே போனது, விட்டு விட்டு வந்த வலி விடாமல் நிற்க ஆரம்பித்தது. அப்போது கண்டிக்கு ட்ரான்ஸ்பர் எழுதினார்கள். கினிகத்தேனை இறக்கத்தின் ஒவ்வொரு வளைவிலும் அம்மா அந்தக் காலை மடக்கியே வைத்திருந்தார், ஆம்புலன்ஸில் கூட வந்த தாதி நீட்டிப் படுக்கச் சொன்னதும் கத்திவிட்டார்.

கண்டியில் வார்ட்டில் முதலில் வந்து பார்த்தது ஒரு இளம் எச்.ஓ. (பயிற்சி டொக்டர்), யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகாமல் ஏன் காலை மடக்கியே வைத்திருக்கிறீங்கள் என்று கேட்டார்.

"நீட்ட முடியலம்மா. நீட்டுனா தொடைக்குள்ள சுள்ளுங்குது. மடக்கி வச்சா தேவலாம்."

"எவ்வளவு நாளா இப்பிடி?"

"அது மழைக்கு முந்தியிருந்தே வந்து வந்து போகுது."

"ஒருக்கா மெல்ல நீட்டிப் பாப்பம், அம்மா. நோகேக்க சொல்லுங்கோ."

வலது காலை மெதுவாக நீட்டி, வெளிப்பக்கமாக விலக்கி, பாதத்தை உள்பக்கம் திருப்பினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தொடையின் உள்பக்கத்தை மேலிருந்து முழங்கால் வரை விரலால் கோடு போட்டுக் காட்டச் சொன்னார், காட்டினார். இடது காலில் அதையே செய்தபோது ஒன்றும் இல்லை. எத்தனை பிள்ளைகள், இருமல் எவ்வளவு காலம், சமீபத்தில் மெலிந்தீர்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார். சரி என்று சொல்லிவிட்டு நேராகப் போய் சீனியர் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சோதனைக்கு ஹவ்ஷிப்–ரொம்பேர்க் அறிகுறி என்று பெயர், 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த இருவரின் பெயர்கள். மெஷின் வேண்டாம், காசு வேண்டாம், ஒரு நிமிஷம் கூட ஆகாது. இந்த ஹேர்னியா உள்ள எல்லோருக்கும் அது தெரிவதில்லை, ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் இருக்கும் என்கிறார்கள், ஆகவே அது இல்லாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. இருந்தால் உடனே ஸ்கேன் எடுக்க அது போதுமான காரணம்.

சி.டி. ஸ்கேனுக்கு முன்னால் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள், வாந்தியால் நீர் வற்றிய உடம்புக்கு ஸ்கேனில் ஏற்றுகிற மருந்து கிட்னியைத் தாக்கலாம் என்பதால். பொட்டாசியமும் இறங்கியிருந்தது, அதைச் சரிக்கட்டினார்கள். ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சேர்ஜன் எங்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். இடுப்புக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கிற இடத்தில், இரண்டு தசைகளுக்கு நடுவில் வலது பக்கம் ஒரு சின்ன உருண்டை. இடது பக்கம் அதே இடத்தில் எதுவும் இல்லை. அதற்கு மேலே குடல் எல்லாம் ஊதிக் கிடந்தது, கீழே சுருங்கி வெறுமையாக இருந்தது. ஊற்றுத் தண்ணீரை லயத்துக்குக் கொண்டு வருகிற கறுப்புப் பைப் ஓர் இடத்தில் கல்லுக்கு அடியில் நசுங்கினால் மேலே புடைத்து நிற்கும், கீழே பீலியில் சொட்டுக் கூட வராது, அப்படித்தான். தழும்பு இருந்த இடத்துக்கும் அடைப்பு இருந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் விளங்கப்படுத்தியதை என்னால் முடிந்த அளவுக்கு எழுதுகிறேன். இடுப்பெலும்பின் முன்பக்கம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய துவாரம் இருக்கிறது, அதை ஒரு சவ்வு மூடியிருக்கும், அந்தச் சவ்வின் மேல் மூலையில் ஒரு நரம்பும் இரத்தக் குழாய்களும் தொடைக்குப் போவதற்கு ஒரு சின்னப் பாதை இருக்கும். சாதாரணமாக அந்தப் பாதையைச் சுற்றிக் கொழுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். வயதாகி மெலியும்போது அந்தக் கொழுப்புக் கரைந்து பாதை திறந்துகொள்கிறது. பெண்களின் இடுப்பெலும்பு அகலமானது, பாதையும் பெரிது, பல பிரசவங்களில் அந்தப் பகுதி தளர்ந்திருக்கும், ஆகவே ஆண்களை விடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். தீராத இருமலும் மலச்சிக்கலும் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டிக் குடலை அதற்குள் தள்ளும். உள்ளே போன குடல் அங்கே இருக்கிற நரம்பை நெருக்குகிறது, அந்த நரம்பு தொடையின் உள்பக்கத்துக்குப் போகிறது, அதனால்தான் வயிற்று நோய் காலில் வலிக்கிறது. காலை மடக்கினால் நெருக்கம் குறையும், நீட்டினால் கூடும். இடது பக்கத்தில் பெருங்குடலின் ஒரு பகுதி பாதையை மறைத்துக்கொண்டிருப்பதால் வலது பக்கத்தில்தான் அதிகம் வருமாம். இதைக் கேட்டதும் அந்த மாதங்களில் அம்மா சொன்ன ஒவ்வொரு வலியும் எங்களுக்கு விளங்கியது.

இவ்வளவும் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஆர்னோ த றொன்சில் 1724இலேயே இந்த ஹேர்னியாவைப் பற்றி எழுதியிருக்கிறார், 1851இல் ஹென்றி ஓப்ரே என்பவர் முதன்முதலாக இதை ஒப்பரேஷன் செய்து வெற்றி கண்டிருக்கிறார். அப்படியிருந்தும் ஹேர்னியாக்களில் உயிரிழப்பு மிக அதிகமான ஒன்றாக இன்றைக்கும் இதைச் சொல்கிறார்கள், காரணம் கண்டுபிடிக்கப் பிந்துவதும் நோயாளிகள் வயதானவர்களாக இருப்பதும்தான். ஒப்பரேஷனே பெரிய வித்தை இல்லை, நேரம்தான் எல்லாம் என்று சேர்ஜன் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

அன்று இரவே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் என்னென்ன நடக்கலாம் என்று சொன்னார்கள்: குடலை வெளியே எடுத்துப் பார்ப்போம், நிறம் நன்றாக இருந்தால் அப்படியே விட்டு ஓட்டையை மட்டும் மூடுவோம், கறுத்திருந்தால் சூடான சேலைன் துணியால் மூடிக் கொஞ்ச நேரம் பார்ப்போம், நிறம் திரும்பாவிட்டால் அந்தத் துண்டை வெட்டி இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்போம். வயதையும் இருமலையும் பார்க்கிறபோது நெஞ்சில் சளி கட்டுவதுதான் தங்களுக்குப் பெரிய பயம் என்று மயக்க மருந்து டொக்டர் தனியாக வந்து சொன்னார். எதையும் மறைக்காமல் சொன்னது எங்களுக்குத் தைரியமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடும்போது கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். ஓட்டையை எப்படி மூடுவீர்கள், மற்றப் பக்கத்தையும் பார்ப்பீர்களா என்று தம்பி கேட்டான், பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

உள்ளே ஒரு பக்கச் சுவர் மட்டும்தான் மாட்டியிருந்தது, ஆனால் கறுத்துவிட்டது, நிறம் திரும்பவில்லை. ஒரு சிறு துண்டை வெட்டித் தைத்தார்கள். சுத்தமான வயிறாக இருந்தால் வலை வைத்து மூடலாமாம், குடலைத் திறந்த வயிற்றில் வலை வைத்தால் கிருமி தொற்றலாம் என்று நூலால் தைத்தே ஓட்டையை மூடினார்கள். இடது பக்கத்தையும் பார்த்தார்கள், அங்கே ஒன்றும் போயிருக்கவில்லை. சில பேருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால் அதைப் பார்ப்பது வழக்கமாம். சீக்கிரமாகக் கண்டுபிடித்தால், குடல் நல்ல நிலையில் இருந்தால், சின்னத் துவாரங்கள் போட்டு லெப்ரஸ்கோப்பியிலேயே முடித்துவிட முடியும் என்றும் சொன்னார்கள்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் சில நாட்கள்தான் கஷ்டம். அம்மா இருமும்போது தையல் வலிக்கும், வலிக்கு பயந்து இருமாமல் இருந்தால் சளி கட்டும். தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமப் பழக்கினார்கள், மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள், மறுநாளே கட்டிலை விட்டு எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெட்டின உடம்பை இப்படிப் போட்டு ஆட்டுகிறார்களே என்று நம் ஆட்கள் சண்டைக்குப் போவார்கள், போகாதீர்கள், நடக்க நடக்கத்தான் நெஞ்சும் தெளியும், குடலும் வேலை செய்ய ஆரம்பிக்கும், காலில் இரத்தம் உறைவதும் தடுக்கப்படும். முதலில் சொட்டுத் தண்ணீர், பிறகு தெளிந்த சூப், பிறகு கஞ்சி. வீட்டிலிருந்து பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து ஊட்டாமல், தாதி சொல்கிற வரைக்கும் பொறுங்கள். காற்று பிரிந்தது என்று அம்மா சொன்ன அன்றைக்கு வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் கூட சந்தோஷப்பட்டார்கள்.

இனி ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வது என்பது. கூட்டம் நிறைந்த ஓ.பி.டி.யில் பேசக் கிடைப்பது சில நொடிகள்தான், அதில் வயிற்றுவலி என்று ஆரம்பித்தால் அதோடு முடிந்துவிடும். ஆகவே ஒரு துண்டுக் கடதாசியில் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்: வலி எப்போது தொடங்கியது, அலையாக வருகிறதா விடாமல் இருக்கிறதா, வாந்தியின் நிறம், கடைசியாக மலமும் காற்றும் எப்போது போனது, தொடை வலி இருக்கிறதா, எந்தப் பக்கம், முன்பு இதே மாதிரி வந்து தானாகச் சரியானதா, பழைய ஒப்பரேஷன் என்ன. சிங்களத்தில் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அந்தக் கடதாசியைச் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ எழுதித் தரச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள் எழுதித் தருவார்கள். எழுதிக் கொடுத்தது டிக்கட்டோடு சேர்ந்து போகும், அடுத்த ஷிப்ட் டொக்டரும் படிப்பார். நம் அம்மாமார் டொக்டரிடம் தொடை, இடுக்கு என்று சொல்லக் கூச்சப்படுவார்கள், முழங்கால் என்று சொல்லி விடுவார்கள் அல்லது சும்மா கால் என்பார்கள். பெண்பிள்ளைகள் யாராவது பக்கத்தில் நின்று அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சேர்த்த பிறகு மரியாதையாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "டொக்டர், அம்மா மெலிந்த ஆள், தொடை உள்பக்கம் வலிக்கிறது, வெளியே தெரியாத ஹேர்னியா இருக்கலாமா, சி.டி. எடுக்க முடியுமா?" பழைய தழும்பு இருந்தாலும் கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் சி.டி. இல்லாவிட்டால் எடுக்கக்கூடிய இடத்துக்கு எப்போது அனுப்புவார்கள் என்று கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கும் ஒப்பரேஷனுக்கும் நாம் காசு கட்ட வேண்டியதில்லை, பணம் சேர்த்துக்கொண்டு போகலாம் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். வலி விடாமல் நிற்பது, காய்ச்சல், நாடி வேகம், வயிறு பலகை மாதிரி இறுகுவது, குழப்பமாகப் பேசுவது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் பொறுத்துப் பார்க்கிற கட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம், தாதியை உடனே கூப்பிடுங்கள். தோட்டத்திலிருந்து கிளம்ப வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம். லயத்து வாசல் வரை ஏற முடியாத பாதையாக இருந்தால் எந்தச் சந்தியில் காத்திருப்பது என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஆளைப் போர்வையில் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், காலை மடக்கியபடியே.

தொடை வலி இல்லாத குடல் அடைப்பிலும் அபூர்வமான காரணங்கள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், வார்ட்டில் இருந்த நாட்களில் கேட்டுத் தெரிந்துகொண்டவை. ஒரு குடல் இன்னொரு குடலுக்குள் சொருகிக்கொள்வது குழந்தைகளுக்கு வருகிற நோய், பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு கட்டி இருக்கும், அதனால் காற்றோ நீரோ செலுத்திச் சரிசெய்யாமல் ஒப்பரேஷனுக்குத்தான் போவார்கள். பித்தப்பைக் கல் குடலுக்குள் இறங்கி அடைப்பதும் உண்டு, அதுவும் வயதான பெண்களில்தான் அதிகம். பல் இல்லாதவர்கள் நார்ச்சத்து அதிகமுள்ளதை மெல்லாமல் விழுங்கி அது உருண்டையாகி அடைப்பதும் உண்டு. குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொள்வதும் உண்டு. வயிற்றுக் காசநோயும் குடலைச் சுருக்கி அடைக்கும், நம் நாட்டில் அதை மறந்துவிடக்கூடாது. காரணம் எதுவானாலும் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றேதான்: வாயால் எதுவும் கொடுக்காமல், வயிற்றைத் தொடாமல், உடனே கொண்டுபோவது.

அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். கூடை தூக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், கைக்காசுக்குப் போகவில்லை என்பதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான். கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறோம், இருமலுக்கு நெஞ்சுக் கிளினிக்கில் இன்ஹேலர் கொடுக்கிறார்கள், மலச்சிக்கல் வராமல் கீரையும் பப்பாளியும் தண்ணீரும். நிறை கூடுவதற்கு முட்டையும் பருப்பும் பாலும் கொடுக்கிறோம், மெதுவாக ஏறுகிறது. தைத்து மூடியது திரும்ப வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை, இடது பக்கமும் இருக்கிறது, ஆகவே எந்தத் தொடையில் வலித்தாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் நோயையும் வைத்தியத்தையும் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து நாங்கள் ஐந்து பேரும் போனில் வைத்திருக்கிறோம், கொழும்பில் இருக்கிற தம்பி உட்பட. ஒரு போட்டோக் கொப்பி டிஸ்பென்சரியிலும் கொடுத்தாயிற்று.